பாரம் குறைந்த கதை

நான் சிறுவனாக இருந்த காலத்தில் ரயிலடியிலிருந்து எங்கள் கிராமத்துக்கு மாட்டு வண்டியில்தான் போக வேண்டும். நாங்கள் ஏறி உட்கார்ந்ததும் வண்டிக்காரர் நுகத்தடியைக் கையால் ஒரு தடவை தூக்கிப் பார்ப்பார். "முன்பாரம் ஜாஸ்தியா இருக்குது, ஐயா கொஞ்சம் பின்னாலே தள்ளி உட்காருங்க" என்பார். தள்ளி உட்கார்ந்தால், "இப்போ பின்பாரம்; அம்மா, அந்தக் கூடையை மட்டும் இப்படி நகர்த்துங்க" என்பார். பாலத்து மேடு வந்ததும் வண்டியை நிறுத்துவார். "குழந்தைங்க இருக்கட்டும், பெரியவங்க இறங்கி நடங்க." இவ்வளவுதான் அவருடைய சட்டம். அதற்கு அப்பீல் கிடையாது.

அந்த வண்டிக்காரரின் ஞாபகம் பல வருஷம் கழித்து, கலிபோர்னியாவில் ஸான் ஹோஸே நகரத்து மோட்டார் ஷெட் ஒன்றில் எனக்கு வந்தது என்றால் வேடிக்கையாக இல்லையா?

என் தங்கை மகனுக்கு அங்கே கம்ப்யூட்டர் உத்தியோகம். மூன்று மாதம் வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டான். நாவல் ஒன்றை அமைதியாக முடிக்கலாம் என்று நினைத்துப் போனேன். போய்ச் சேர்ந்த மறுநாளே என் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் கொடுத்து, "மாமா, நான் எடை சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வாருங்கள்" என்றான். நாவலாசிரியன் கணக்குப் பிள்ளையானேன்.

ஷெட்டில் நின்றது 1960-களில் செய்த வோக்ஸ்வாகன் பீட்டில் கார். ஆமை ஓடு போன்ற முதுகு. அதை முன்னால் வைத்திருந்த யாரோ ஒருவர் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு, மின்சார மோட்டாரும் ஈய பாட்டரிகளும் வைத்து ஓட்டியிருக்கிறார். பாட்டரிகள் செத்து வெகு நாளாகிவிட்டது. மருமான் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, குளியலறையில் ஆள் எடை பார்க்கும் மெஷின்மேல் வைத்தான். ஒன்று 28 கிலோ. அப்படி 16 பாட்டரி. கூட்டினேன்: ஏறத்தாழ 450 கிலோ!

"முழுக் காரின் எடை என்னப்பா?" என்று கேட்டேன்.

"கம்பெனியிலிருந்து வந்தபோது சுமார் 800 கிலோ, மாமா."

வாசகர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையோடு பார்க்க வேண்டும். இந்தக் கதையின் சிக்கல் முழுவதும் இதில்தான் இருக்கிறது. என்ஜின், பெட்ரோல் டாங்கி, புகைக்குழாய் எல்லாம் போனதில் சுமார் 150 கிலோ கழிந்தது. மின்சார மோட்டார் ஒரு 55 கிலோ. அதற்கு மேல் 450 கிலோ ஈயம்; அதைத் தாங்க இரும்புப் பெட்டிகள். ஆகக் கூடி, யாரும் ஏறாமலே கார் 1,150 கிலோவைத் தாண்டிவிட்டது. ஆட்களும் சாமானும் உட்பட அந்தக் கார் தாங்கலாம் என்று அனுமதித்த எடையோ 1,200 கிலோவை ஒட்டியதுதான். அதாவது ஓட்டுகிறவர் ஒருவர் ஏறினாலே வண்டியின் சக்தி தீர்ந்தது. பின் ஆசனம் இருக்க வேண்டிய இடத்தில் பாட்டரிப் பெட்டிதான் இருந்தது.

இத்தனை ஈயமும் சுமந்து அது எவ்வளவு தூரம் போகும்? ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ. அதில் அடங்கிய சக்தி சுமார் 9 யூனிட். என்ஜின் அதில் முக்கால் பங்கை உஷ்ணமாக வீணடித்தாலும், இரண்டு யூனிட்டுக்குக் குறையாமல் சக்கரத்துக்கு வந்து சேரும். 28 கிலோ ஈய பாட்டரியைக் கார் ஓடுகிற வேகத்தில் காலி செய்தால் முக்கால் யூனிட் கிடைத்தால் அதிகம். முக்கால் கிலோ பெட்ரோல் செய்யும் வேலைக்கு மூன்று பாட்டரி, 84 கிலோ! பதினாறு பாட்டரியும் சேர்ந்து ஐந்தாறு லிட்டர் பெட்ரோலுக்குச் சமம்.

"அப்படியானால் இன்னும் நாலு பாட்டரி சேர்த்தால் போயிற்று" என்று தோன்றும். எனக்கும் தோன்றிற்று. மருமான் சிரித்தான். பாட்டரி கூடினால் வில் கனமாக வேண்டும். வில் கனத்தால் பிரேக் பெரிதாக வேண்டும். அவற்றைத் தாங்கச் சட்டம் தடிக்க வேண்டும். அத்தனையையும் இழுக்க மறுபடியும் பாட்டரி. ஈட்டிக்காரனிடம் வாங்கிய கடனைப் போல வட்டிக்கு வட்டி. ஆனால் அதே கணக்கு எதிர்ப்பக்கமாகவும் ஓடும். ஓரிடத்தில் பத்து கிலோ குறைத்தால், மற்ற இடங்களிலும் வட்டியாகக் கொஞ்சம் குறையும். ஆகையால்தான், சொந்த ஷெட்டில் மின்சாரக் கார் செய்கிறவர்கள் தராசும் கையுமாக அலைகிறார்கள்.

அந்த மூன்று மாதமும் பகலில் எடை எழுதினேன். இரவில் இந்த மனிதர்களின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். நாவல் ஒரு பக்கம்கூட நகரவில்லை. கிடைத்தது இந்தச் சரித்திரம்.

முதல் ஆள் பாரிஸ் நகரத்துக் கைவினைக்காரர் ஒருவர். குஸ்தாவ் த்ரூவே என்று பெயர். சட்டைப் பையில் அடங்கும் பாட்டரி, மின்சாரத்தால் அசையும் நகைகள் என்று சின்னஞ்சிறு சாமான்கள் செய்வதில் நிபுணர். 1881-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், இங்கிலீஷ்காரர்கள் காலால் மிதித்து ஓட்டுவதற்காகச் செய்த மூன்று சக்கர சைக்கிள் ஒன்றில் மோட்டாரும் பாட்டரியும் வைத்துப் பாரிஸ் வீதியில் ஓட்டினார். ஆள் உட்பட மொத்த எடை 160 கிலோ; வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். பிறர் செய்த வண்டியில் தம் மோட்டாரை வைத்தார் பாருங்கள். என் மருமானுடைய ஷெட்டுக்கு வம்ச மூல புருஷர் இவரேதான். வண்டிக்குப் பேடண்ட் கிடைக்கவில்லை. மனிதர் சோர்ந்து போகாமல் மோட்டாரைக் கழற்றி, மறுமாதமே ஸீன் நதியில் ஒரு படகின் பின்னால் மாட்டி ஓட்டினார். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். மோட்டார் அவ்வளவு சிறியது. சிறிதாகச் செய்யத் தெரிந்த கைதான் முதல் மின்சார வண்டியையும் செய்தது.

அடுத்து வந்தவருக்கு வேகப் பைத்தியம். காமிய் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியக்காரர். 1898 டிசம்பரில் ஷாஸ்லூ-லொபா என்ற பிரெஞ்சுப் பிரபு மின்சாரக் காரில் மணிக்கு 63 கிலோமீட்டர் போய்க் காட்டினார். ஜெனாட்ஸிக்குத் தூக்கம் போயிற்று. இவர் முந்துவதும் அவர் முந்துவதுமாக நாலைந்து மாதம் பந்தயம் நடந்தது. கடைசியில் 1899-இல், பாரிஸுக்கு அருகே அஷேர் என்ற இடத்தில் ஜெனாட்ஸி 105.88 கிலோமீட்டர் வேகம் போனார். மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிய முதல் மோட்டார் வண்டி அதுதான். பெட்ரோல் வண்டி அல்ல, மின்சார வண்டி! காரின் பெயர் 'ஒரு நாளும் திருப்தி அடையாதவள்' என்று பொருள்படும். உடம்பைக் குறைப்பதற்காக இரும்பைத் தவிர்த்து, அலுமினியம் கலந்த உலோகத் தகட்டில் வெடிகுண்டு வடிவமாகச் செய்திருந்தார்கள். அப்படியும் எடை 1,450 கிலோ. கணிசமான பங்கு பாட்டரிதான். தோலை மெல்லியதாக்கினார்கள், வயிற்றில் இருந்த ஈயத்தை என்ன செய்வது?

ஈயத்தை ஒழிக்க எடிஸன் துணிந்தார். நிக்கலும் இரும்பும் கொண்டு, எடை குறைந்த பாட்டரி ஒன்று செய்ய வேண்டும் என்று வருஷக்கணக்காகப் பாடுபட்டார். முதலில் விற்றது கசிந்தது. உற்பத்தியை நிறுத்திவிட்டு மறுபடி ஆராய்ந்தார். நல்லதாக ஒன்று 1909-இல் வெளிவந்தது. ஆனால் 1908-லேயே ஃபோர்டின் மாடல் டி பிறந்துவிட்டது. 1912-இல் காடிலாக் காரில் கைப்பிடி சுற்றாமலே என்ஜினைக் கிளப்ப ஒரு சிறு மின்சார மோட்டார் வைத்தார்கள். பெட்ரோல் காரின் பெரிய தொந்தரவு அதோடு தீர்ந்தது. தன் போட்டியாளனை ஜயிக்க வைத்தது மின்சார மோட்டாரேதான்! விதி என்பது இதுதான் போலும்.

பிறகு அரை நூற்றாண்டு உறக்கம். மறுபடி கண் விழித்தது வீட்டு ஷெட்டுகளில்தான். 1967-இல் கலிபோர்னியாவில் மின்சாரக் கார்ப் பிரியர்கள் ஒரு சங்கம் கூட்டினார்கள். 1968-இல் வாலி ரிப்பெல் என்ற மாணவர், தம் 1958-ஆம் வருஷத்து வோக்ஸ்வாகன் வானை மின்சார வண்டியாக மாற்றினார். அவர் படித்தது மேற்குக் கரையில் கால்டெக் கலாசாலை. கிழக்குக் கரையில் எம்.ஐ.டி. கலாசாலை மாணவர்களைப் பந்தயத்துக்கு அழைத்தார்: "நாங்கள் இங்கிருந்து அங்கே வருகிறோம், நீங்கள் அங்கிருந்து இங்கே வாருங்கள். யார் முதலில்?"

ஆகஸ்ட் 26-ஆம் தேதி இரண்டு வண்டிகளும் கிளம்பின. தூரம் சுமார் 5,300 கிலோமீட்டர். வழியில் 54 இடங்களில் மின்சாரம் ஏற்ற ஏற்பாடு. எம்.ஐ.டி. மாணவர்களின் செவர்லே கார்வேர் காரில் இருந்தவை 20,000 டாலர் பெறுமான நிக்கல்-காட்மியம் பாட்டரிகள். ரிப்பெலின் வானில் இருந்தவை 600 டாலர் ஈய பாட்டரிகள். பணக்கார பாட்டரி உஷ்ணத்தில் கொதித்தது. ஐஸ் வைத்துத் தணித்தார்கள். கடைசியில் எம்.ஐ.டி. காரை இழுத்துக்கொண்டு வந்து சேர்க்கும்படி ஆயிற்று. அது முன்னதாகவே வந்தாலும், இழுத்து வந்ததற்கான தண்ட நேரத்தைக் கூட்டிப் பார்த்தபோது, ரிப்பெலின் வான் அரை மணி வித்தியாசத்தில் ஜயித்தது. ஒன்பது நாள் ஓட்டத்தில் அரை மணி!

எடையைக் குறைப்பதே சர்வரோக நிவாரணி என்று அதுவரை எண்ணிக்கொண்டிருந்த நான் இங்கே சற்று நின்றேன். ரிப்பெலின் வண்டி மூட்டை சுமக்கப் பிறந்த வான். பாரத்தைக் குறைக்க முடியாதவன், பாரம் தாங்கும் வண்டியைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு வழிதான். எங்கள் வண்டிக்காரரும் நெல் மூட்டைக்கு வேறு வண்டி அல்லவா பூட்டுவார்?

1973-இல் பெட்ரோல் முடை வந்ததும் ஷெட்டுகள் பெருகின. வீட்டில் கார் மாற்றுகிறவர்களுக்குப் பீட்டில் மிகவும் பிடித்தது. எடை குறைவு, என்ஜினைக் காற்றே குளிரச் செய்வதால் தண்ணீர்த் தொட்டி இல்லை, கழற்றவும் சுலபம். என் மருமானுடைய கார் அந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

இனி அவன் செய்ததைச் சொல்கிறேன். விபத்தில் அடிபட்ட நிஸான் லீஃப் என்ற மின்சாரக் காரின் பாட்டரியை மலிவாக வாங்கி வந்தான். அதன் இரும்புக் கூட்டை உடைத்து, உள்ளே இருந்த கட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டான். கட்டி ஒன்று 3.8 கிலோ, 48 கட்டிக்கு 182 கிலோ. அவற்றின் கொள்ளளவு புதியதில் 24 யூனிட்! 450 கிலோ ஈயம் பேருக்கு 20 யூனிட் வைத்துக்கொண்டு பாதியைத்தான் கையில் கொடுத்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அதோடு விட்டானா? பழைய இரும்புப் பெட்டிகள் போய் அலுமினியப் பெட்டிகள் வந்தன. தரையில் ஒட்டியிருந்த தார் அட்டையைச் சுரண்டி எடுத்தான். தாமிரக் கம்பிகளைச் சுருக்கினான். மாற்றுச் சக்கரத்தை எடுத்து மூலையில் உருட்டிவிட்டான். எல்லாம் என் நோட்டில் ஏறின. பிறகு காரின் நடுவே முதுகெலும்பு போல ஓடும் சட்டத்தைப் பார்த்து, "இதில் நாலு துளை போட்டால் என்ன?" என்றான்.

பத்திரிகை ஆசிரியர்களிடம் பக்கத்தைக் குறைத்துக் கொடுத்தே காலம் தள்ளியவன் நான். எதை வெட்டினால் கதை நிற்கும், எதை வெட்டினால் விழும் என்பது கொஞ்சம் தெரியும். "அதில் கை வைக்காதே" என்றேன். தொழில் தெரிந்த அவன் சிநேகிதர் ஒருவரும் அதையே சொன்னார். சட்டம், பிரேக், ஆளைக் கட்டும் பெல்ட், இவை மூன்றும் எடைக் கணக்கில் சேராதவை. மோதினால் ஆளைக் காப்பாற்றுவது கழிக்காமல் விட்ட இரும்புதான்.

உண்மையான தகராறு அதற்குப் பிறகுதான் வந்தது. பின் ஆசனத்துக்கான இடம் காலியாகக் கிடந்தது. அங்கே இரண்டாவதாக ஒரு லீஃப் பாட்டரியை வைத்தால் ஓடும் தூரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்றான் மருமான். கண்ணில் ஜெனாட்ஸியின் பளபளப்பு. அவன் மனைவி காப்பி கொண்டு வந்தவள் கேட்டாள்: "குழந்தை எங்கே உட்காரும்?"

பதில் இல்லை. நான் நோட்டைப் பார்த்தேன்.

அன்றிரவு நான் படித்துக்கொண்டிருந்த பகுதியும் பொருத்தமாக அமைந்தது. பால் மக்ரெடி என்ற பொறியியல் நிபுணர், மனிதன் காலால் மிதித்தே பறக்கும் விமானம் செய்தவர். 1979-இல் அவருடைய விமானம் இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டியது. இறக்கை ஏறத்தாழ 30 மீட்டர். எடை 32 கிலோ! அவருடைய குழுவினர் 1987-இல் செய்த சூரிய வெளிச்சக் கார், ஆஸ்திரேலியாவை வடக்கிலிருந்து தெற்காகக் கடந்து முதல் பரிசு பெற்றது. 1990-இல் ஜெனரல் மோட்டார்ஸுக்காக அவர்கள் செய்து காட்டிய 'இம்பாக்ட்' கார், ஈய பாட்டரியோடு கூட ஏறத்தாழ ஆயிரம் கிலோதான். அதிலிருந்து பிறந்து 1996-இல் வீதிக்கு வந்த ஈ.வி.1 கார் 1,400 கிலோவாகிவிட்டது. அதன் பாட்டரி மட்டும் 500 கிலோவுக்கு மேல். வாடகைக்குத்தான் கொடுத்தார்கள், 2003-இல் திட்டத்தை முடித்து, பெரும்பாலானவற்றைத் திரும்ப வாங்கி நசுக்கிவிட்டார்கள்.

அந்தக் குழுவில் இருந்த ஆலன் கொக்கோனி என்பவர், உதிரியாக விற்கும் ஒரு பந்தயக் கார் உடம்பை வாங்கி 'டி-ஜீரோ' என்று ஒரு கார் செய்தார். முதலில் 28 ஈய பாட்டரிகள். 2003-இல் அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, மடிக் கம்ப்யூட்டரில் இருக்குமே விரல் பருமன் லித்தியம் பாட்டரி, அதில் 6,800-ஐக் கோத்து வைத்தார். காரின் எடை 220 கிலோவுக்கு மேல் குறைந்தது. ஓடும் தூரமோ சுமார் மூன்று மடங்காயிற்று. அதே வருஷம் பிறந்த டெஸ்லா கம்பெனிக்கு வழிகாட்டியது அந்தக் கார். த்ரூவே காலத்திலிருந்து 122 வருஷம் மனிதர்கள் சுமந்த ஈயத்தை ஒருவாறு இறக்கிவைத்தாயிற்று.

இறக்கிவைத்த பிறகு என்ன செய்தோம்? அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். 2021 கடைசியில் அமெரிக்காவில் மின்சார ஹம்மர் என்ற ஒரு வண்டி விற்பனைக்கு வந்தது. எடை 4,100 கிலோ. அதன் பாட்டரி மட்டும் சுமார் 1,300 கிலோ. ஒரு முழுப் பீட்டிலும் இன்னொன்றில் பாதியும் சேர்ந்த எடை! பாட்டரி லேசானதால் மிஞ்சிய இடத்தைப் பாட்டரியைக் கொண்டே நிரப்பிவிட்டார்கள். கடன் தீர்ந்த மறுநாளே, கடன் கொடுப்பவன் நல்லவனாகிவிட்டான் என்று இரட்டிப்பாகக் கடன் வாங்குகிற குடும்பஸ்தனைப் போல.

மறுநாள் காலையில் நோட்டை மருமானிடம் நீட்டினேன். "அனுமதித்த எடை 1,200. இப்போது கார் 930 சொச்சம். மிச்சம் 270. நீ, உன் மனைவி, குழந்தை, நான், நாலு பேரும் சேர்ந்து 220. இரண்டாவது பாட்டரியும் அதன் பெட்டியும் 200 கிலோ. அதை வைத்தால் மிச்சம் 70. நீ ஒருவன்தான் போகலாம். இரட்டிப்புத் தூரம், தனியாக."

அவன் வெகு நேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒன்றும் பேசாமல் பரண்மேலிருந்து பழைய பின் ஆசனத்தை இறக்கித் துடைத்தான்.

நான் ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு, காரை எடைமேடைக்கு ஓட்டிப் போனோம். முன் சக்கரம், பின் சக்கரம் என்று தனித்தனியே ஏற்றிப் பார்த்தான். பின்பாரம் கொஞ்சம் அதிகம். பீட்டிலுக்கு அது பிறவிக் குணமாம். பிறகு எல்லோருமாகக் குன்றுப் பக்கம் கிளம்பினோம். சத்தமே இல்லை. பின் ஆசனத்தில் என் பக்கத்தில் பெல்ட் மாட்டிய குழந்தை ஏதோ பாடிக்கொண்டு வந்தது.

எதிரே செங்குத்தாக ஒரு மேடு தெரிந்தது. மருமான் தன் மகளுக்கு என் வண்டிக்காரர் கதையை முன்னாலேயே சொல்லியிருக்கிறான் போலிருக்கிறது. குழந்தை பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

"தாத்தா, நீ இறங்கி நடக்கணுமா?"

"உன் அப்பாவைக் கேள், அம்மா" என்றேன்.

"வேண்டாம், மாமா. உட்காருங்கள்" என்றான் அவன். கார் மேடு ஏறியது.